கயிற்றைப் பிடித்து நின்ற நேரம்

என் வீட்டுக்காரர் காலில் சக்கரம் கட்டியவர். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு அடியில் முக்குளித்து வேலை செய்வது அவர் தொழில். ஈப்போவில், சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை வருவார். வந்தாலும் போட்ட காப்பி ஆறுவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவருக்குக் கடல் மேல் என்ன பித்தோ, லீவிலும் லுமுட் கடற்கரைக்குத்தான் ஓட்டம்.

வீட்டில் அகப்படாத மனிதரைத் தண்ணீரிலாவது பிடிக்கலாம் என்று, எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். "உனக்கு இது தேவையா லா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கற்ற பிறகுதான் தெரிந்தது, அவர் முக்குளிப்பு வேறு, என்னுடையது வேறு. என்னைப் போல ஆசைக்கு முக்குளிப்பவர்கள் ஆழம் போகமாட்டோம். மீன் பார்ப்போம், பயம் வந்தால் மெல்ல மேலே வந்துவிடுவோம். அவரும் கூட முக்குளிக்கும் கூட்டாளியும் லுமுட்டுக்கு எதிரே இருக்கும் தீவுக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த பழைய கப்பல்வரை போவார்கள். அந்த ஆழத்தில் இழுத்த காற்று உடம்பில் ஊறிவிடும். அது வெளியேறும்வரை, படகிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து அங்கங்கே நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டால் கைகால் முடங்கிப்போகும்.

கயிற்றின் கடைசி நிறுத்தம் என் ஆழத்தில் இருந்தது. அங்கே போய் அவர் பக்கத்தில் நானும் கயிற்றைப் பிடித்துக்கொள்வேன். சீனக் கூட்டாளி நல்லவர், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பேச முடியாது, ஆனால் என் வீட்டுக்காரர் எங்கேயும் போகவும் முடியாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என் அருகில் அசையாமல் நின்றது அங்கேதான். அந்த நேரம் நீளாதா என்று ஏங்குவேன்.

ஒருநாள் காலையில் படகில் கேட்டேன். "லுமுட் கப்பல் பட்டறையில வேலை இருக்குன்னாங்களே, போய்க் கேட்டீங்களா?"

"பாக்கலாம் லா."

"எப்பப் பாக்கறது? எனக்கு நீங்க வீட்டுல இருக்கணும்."

அவர் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டினார்.

அன்று கயிற்றில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் காற்று குறைந்தது. அதைக் கவனித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். தரையில் அது பாராட்டு, தண்ணீரில் 'மேலே போ'. மாட்டேன் என்று தலையாட்டினேன். மறுபடியும் உயர்த்தினார். அழுதுகொண்டே ஏறினேன்.

பின்னால் படகேறியவர் முகத்தைத் துடைத்தபடி சொன்னார். "போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருசம் எண்ணெய் மேடையிலதான்."

லீவு முடிந்த அன்று ஈப்போ பஸ் நிலையத்தில், எண்ணெய் மேடைகள் இருக்கும் கிழக்குக் கரைக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து என் கைமேல் கை வைத்தார். டிரைவர் இஞ்சினைக் கிளப்பியதும் பழக்க தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தினார்.

இந்தத் தடவை எனக்குக் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. நான் போகவில்லை. பஸ்தான் போனது.