வேன் பத்தரைக்கே வந்துவிட்டது

1991 அக்டோபர், ஆயுத பூஜை நாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இருந்த ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை.

காலை 7.15: நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளருக்கு வாலாஜாபாத்திலிருந்து தொலைபேசி. என் மனைவியின் தந்தைக்கு இரவு முதல் மூச்சுத் திணறல். மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார். பூஜை முடிந்ததும் கம்பெனி வேனில் போகலாம், விடுமுறை நாளில் பேருந்துக்குக் காத்திருப்பதைவிட அது விரைவு என்றேன்.

9.00: தொழிற்சாலையில் பூஜை. மனைவியும் வந்திருந்தாள்.

10.30: வேன் வாயிலுக்கு வந்து நின்றது. மனைவி வாயிலருகே பெஞ்சில் அமர்ந்தாள்.

10.35: நான் கணிப்பொறி அறைக்குள் சென்று தாழிட்டேன். திரையின் மேல் சாத்தியிருந்த மாலையை எடுத்துவிட்டு இயந்திரத்தை இயக்கினேன்.

11.20: மனைவி கதவைத் தட்டினாள். ஐந்து நிமிடம் என்றேன்.

12.15: மறுபடியும் தட்டினாள். அதே பதில்.

1.30: அதிகாரியான என் கையெழுத்தில்லாமல் வண்டியை எடுக்க ஓட்டுநருக்கு அனுமதி இல்லை. பயணத் தாளை மனைவி கதவின் அடியில் தள்ளினாள். நான் எடுக்கவில்லை.

1.50: அவள் அரசுப் பேருந்தில் ஏறினாள்.

2.10: அவள் தந்தை இறந்தார்.

2.55: அவள் வாலாஜாபாத் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

4.40: நான் வெளியே வந்தேன்.

மேலே உள்ளவற்றில் அனுமானம் எதுவும் இல்லை. வாயில் பதிவேட்டையும் அவளுடைய பேருந்துச் சீட்டையும் பிற்பாடு நான் பார்த்தேன். வாலாஜாபாத்தில் நடந்தவற்றின் நேரத்தை வீட்டார் சொன்னார்கள். எஞ்சியவற்றை என் எதிரில் இருந்த சுவர்க்கடிகாரம் சொன்னது. நான் நேரம் அறியாமல் மூழ்கிக் கிடந்ததாக யாரும் இரக்கப்பட வேண்டாம். எனக்கு நேரம் தெரியும்.

சென்ற மாதம் என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் கலைந்த பிறகு அவளுடைய தம்பி என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அக்காவுக்குக் கடசி வரைக்கும் அந்த ஒண்ணுதான் மாமா மனசுல. அப்பாவ உயிரோட பாக்கலையேன்னு. அன்னிக்கு அந்த வேன்காரன் மட்டும் ஒழுங்கா வந்திருந்தான்னா..." என்றவன் முடிக்காமல் என் முதுகைத் தடவிக்கொடுத்தான். "நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். இதை அவன் நம்பும்படி விட்டவன் நான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன், கையால்.

அந்த ஆண்டு மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பெயரை உலகமே அறிந்துகொண்டது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு 1991 என்பது ஜூலையில், தெர்மாக்கோல் பொதிந்த மூன்று அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியது. தொழிற்சாலையின் முதல் கணிப்பொறி. அதற்காகவே ஓர் அறையைத் தடுத்துக் குளிர்சாதனம் பொருத்தினார்கள். காலணியை வெளியே விட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். நான் உற்பத்தித் திட்டப் பிரிவின் தலைவன். எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் ஏற்றினால் நேரம் மிச்சமாகும் என்பதில் முனைவர் பட்டம் பெற்றவன். சாவி இயல்பாகவே என்னிடம் வந்தது.

நான் எழுதிய நிரல் அந்த வரிசையைக் கணக்கிட்டது. ஒருமுறை ஓடி முடிக்க இருபது நிமிடம் ஆகும். முடிவு வரும். நேற்றையதைவிடச் சற்று மேலாக இருக்கும், அல்லது இருக்காது. ஓர் எண்ணை மாற்றி மறுபடியும் ஓடவிடுவேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் இத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த இருபது நிமிடத்தில் எழுந்து போக என்னால் முடியவில்லை என்பதுதான் நோய். ஆகஸ்டு முடிவதற்குள் தொழிற்சாலைக்குத் தேவையான விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தேடியது யாருக்கும் தேவைப்படாத விடை.

சீட்டாடுகிறவனை ஊர் ஏசும். என்னைப் பாராட்டினார்கள். மேலாளர் ஒரு கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, இதுவல்லவா அர்ப்பணிப்பு என்று கைதட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவதற்கு இரண்டாவது சாவியும் தந்தார். உண்மையைப் பேசியவர்கள் இயந்திரக்கூடத் தொழிலாளர்கள்தாம். "சாருக்கு ரெண்டு சம்சாரம்டா. ஒண்ணு ஸ்ரீபெரும்புதூர்ல வெந்துகினு கீது, இன்னொண்ணு ஏசி ரூம்ல குந்திகினு கீது" என்று என் காதுபடவே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆயுத பூஜையன்று தொழிலாளர்கள் மனைவி மக்களை அழைத்து வந்து தங்கள் இயந்திரத்தைக் காட்டுவார்கள். கடைசல் இயந்திரம் முதல் கைவண்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பூஜையில் வைத்த கருவியை மறுநாள்தான் மீண்டும் தொடுவார்கள். அன்று நான் கணிப்பொறி அறையை நோக்கி நடந்தபோது, கருவிக் கிடங்கின் பொறுப்பாளர் பொரிப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"எங்க சார், அந்தப் பக்கம்?"

"ஒரு சின்ன வேலை."

"பூஜை போட்டதை நாளைக்குத்தான் சார் எடுக்கணும். என் ஸ்டோர்லேர்ந்து இன்னிக்கு ஒரு ஸ்பேனர்கூட வெளிய போவாது."

"இது ஸ்பேனர் இல்லை" என்றேன்.

இந்த மூன்று சொற்களை நினைக்கும்போது எனக்கு ஏற்படும் கோபம் வயதால் தணியவில்லை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அன்று அந்த வளாகத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கருவியிலிருந்து ஒரு நாள் கையை எடுத்திருந்தார்கள். முடியாதவன் ஒருவன்தான். அவனிடம்தான் பட்டம் இருந்தது.

பயணத் தாள் கதவின் அடியில் வந்ததை நான் பார்த்தேன். நான்கடி தூரம். எழுந்து, குனிந்து, கையெழுத்திட்டுத் தள்ளியிருந்தால் வேன் புறப்பட்டிருக்கும். அரை மணியில் வாலாஜாபாத். மாமனாரின் உயிர் 2.10 வரை இருந்தது. நான் ஏன் எழவில்லை என்று பின்னாளில் பல கௌரவமான காரணங்களைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தது ஒன்றுதான்: அந்த ஓட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அது முடிந்தது. வந்த விடை முந்தையதைவிட மோசம். நான் அடுத்ததை ஓடவிட்டேன்.

வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வாலாஜாபாத் வீட்டை அடைந்தேன். வாசலில் மைத்துனன். அப்போது இருபத்திரண்டு வயது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"இப்பதான் வர்றீங்களா மாமா? எங்க பூட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "வேன் வரலைடா. அவர் என்ன பண்ணுவார்?"

நான் மறுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் தொழிற்சாலை வாயிலுக்கு வந்து ஓட்டுநரின் சட்டையைப் பிடித்தான். ஓட்டுநர் கத்தியது எனக்கு மாடி ஜன்னல் வழியாகக் கேட்டது. "யோவ், நான் பத்தரைக்கே வந்து நின்னேன்யா! வாச்மேனைக் கேளு! சாரைக் கேளுய்யா!"

"பொய்யா சொல்ற? சாவு வூட்டுக்கே பொய் சொல்றியா?"

அடி விழுந்தது. காவலாளிகள் விலக்கினார்கள். படி இறங்கிப் போக எனக்கு ஒரு நிமிடம் பிடித்திருக்கும். நான் இறங்கவில்லை. அன்றும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதன் பிறகு என்னைக் காணும்போது வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

தந்தையின் காரியம் முடிந்த அன்று மனைவி என்னைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க குடிக்கிறவரா இருந்தா எல்லார்கிட்டயும் சொல்லி அழுதிருப்பேன். இதுக்கு ஒரு பேரே இல்லையே. யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? அதான் வேன் வரலைன்னேன்."

நான் ஏதோ தொடங்கினேன்.

"அதை விட முடியும்னா வந்து கூட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா வராதீங்க. அஞ்சு நிமிஷம்னு மட்டும் இனிமே என்கிட்டச் சொல்லாதீங்க."

விட முடியும் என்றுதான் நினைத்தேன். ஒன்பது நாள் அந்த அறைப் பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் ஞாயிறு, நல்ல மழை. அறைக்குள் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒழுகவில்லை. மாலை ஆறு வரை அங்கேயே இருந்தேன். அடுத்தது நான்கு நாள். அதற்கடுத்தது இரண்டு. மன உறுதியைப் பற்றி இன்று யாராவது என்னிடம் பேசினால் எரிச்சல் வருகிறது. என்னிடம் அது இருந்தது. அதைக் கொண்டுதான் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் தோல்விக்குப் பிறகு கருவிக் கிடங்குக்குப் போனேன். பலகையில் ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே ஒரு கருவியின் பெயர். தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கொடுப்பார். பொறுப்பாளர் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியைத் தருவார். ஷிப்டு முடியும் முன் கருவி திரும்பினால்தான் டோக்கன் கிடைக்கும். டோக்கன் இல்லாமல் வாயிலைத் தாண்ட முடியாது. இரண்டு சாவிகளையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் சாவிகளைப் புரட்டிப் பார்த்தார். "அது ஸ்பேனர் இல்லன்னீங்களே சார்."

"ஸ்பேனர்தான்" என்றேன்.

அவர் சாவிகளை எடுத்து உள்ளே வைத்தார். எனக்கும் ஒரு டோக்கன் வந்தது, எண் 117. காலையில் அதைக் கொடுத்துச் சாவி வாங்க, எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கிடையே வரிசையில் நிற்பேன். "சார், முன்னாடி போங்க" என்று முதல் நாள் வழிவிட்டார்கள். பொறுப்பாளர் கையை ஆட்டினார். "அதெல்லாம் வாணாம். வரிசையிலேயே வரட்டும்." மாலை ஐந்து மணிக்கு அவரே அறைக்கு வந்து, திரை அணையும் வரை வாசலில் நிற்பார். ஒருநாள், முக்கியமான வேலை, சாவி இன்றிரவு என்னிடமே இருக்கட்டும் என்று அதிகாரக் குரலில் சொன்னேன். வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாவி குடுத்தா டோக்கன். டோக்கன் இருந்தா வூடு. வூட்டுக்குப் போறீங்களா, இங்கியே படுத்துக்கிறீங்களா? பாய் வேணா தரேன்."

பின்னால் சிரிப்பு. என் முகம் எரிந்தது. சாவியைக் கொடுத்தேன். அவமானம் எனக்கு வேலை செய்தது. பாராட்டு செய்யாத வேலை.

இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் சாவி திரும்பியது. பொங்கல் கழித்து வாலாஜாபாத் போனேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அந்த டோக்கன் எங்கே?" உள்ளங்கையில் வாங்கி, எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஓய்வு பெற்றபோது அந்த டோக்கனை வாங்கி வந்தேன். சமையலறைக் கதவின் உட்புறம் அவள் ஓர் ஆணி அடித்தாள். பிறகு வீட்டுக்குக் கணினி வந்தது, இணையம் வந்தது, கைபேசி வந்தது. எல்லாம் அவளுடைய அலமாரியில், அவளுடைய சாவியில். டோக்கனைக் கொடுத்தால் கிடைக்கும். அவள் வைத்த அலாரம் அடித்ததும் திருப்பித் தர வேண்டும். விருந்தினர்கள் சிரிப்பார்கள். "அவருக்கு அப்படித்தான் சரிப்படும்" என்பாள்; மேற்கொண்டு ஒரு சொல் சொல்லமாட்டாள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவள் தன் தந்தையின் பெயரை எடுத்து என்னைக் குத்தவில்லை. அந்தப் பொய்யையும் ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. தன் தம்பியிடம் என்னைக் காப்பாற்றியபடியே போய்ச் சேர்ந்தாள்.

இயந்திரத்தை நான் வென்றுவிட்டேன். அது கடினமாக இருந்தது, ஆனால் முடிந்தது. வாயைத் திறந்து, வேன் வந்திருந்தது என்று சொல்வதற்கு எந்தக் கிடங்கும் வரிசையும் தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகளாக அதைத்தான் நான் செய்யவில்லை. என்னைத் திருந்திய மனிதன் என்று அவள் நம்பியிருந்தால், அதில் பாதி பொய்.

செய்யாமல் விட்டவை:

வாலாஜாபாத் செல்லுதல், மைத்துனனிடம் இதன் முதல் பக்கத்தைக் கொடுத்து, அவன் படித்து முடிக்கும்வரை எதிரில் இருத்தல்.

ஓட்டுநரைத் தேடுதல். சேரப்பணஞ்சேரிக்காரர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மைத்துனனும் உடன் வர வேண்டும்.

அலமாரிச் சாவியை ஒப்படைக்க ஓர் ஆள். இப்போது சாவியும் டோக்கனும் என்னிடமே இருக்கின்றன.

பயணத் தாள். பெட்டியில் இருக்கிறது. கையெழுத்துக்கான இடம் காலி.