சொல்லாமல் விட்ட மாத்திரை

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது நான் செய்த தப்பு இது.

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி உற்சவம் முழுக்கச் சேவிக்க ஆசைப்பட்டாள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை நானே வாங்கிக் கொடுத்தேன்.

"கட்டி சுருங்கலையே. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லைங்க."

"உடம்புல ஊறுற ஹார்மோன்தான் கட்டியை வளரு வளருன்னு தூண்டுது. அதைத் தடுக்கத்தானே மருந்து கொடுத்தேன்!"

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏங்க, அதைச் சொல்லியிருக்கலாமே?"

"ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிடி சொல்றது?"

"சாகப்போறது நான்தானே, உங்களுக்கு என்ன வெட்கம்?"

மாதவிலக்கைத் தள்ளிப்போடுவதும் ஹார்மோன் மாத்திரைதான்; தடுக்கிற மாத்திரையையும் அந்த மாத்திரையையும் ஒரே கையால் கொடுத்திருக்கிறேன். என் மேலேயே எரிச்சல் பொங்கியது.

அவளை வீட்டுக்குப் போகப் பாலக்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தனியாகத் திரும்பிப் போய் டாக்டரின் கதவைத் தட்டினேன்.