பாக்ஸ் பிடித்தவன் பார்க்காத குதி

ராக் கச்சேரிக்குப் போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கச்சேரியைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது; பாக்ஸ் பிடிக்கிற வேலை அப்படிப்பட்டது.

பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர் பெட்டி. எங்கள் ராயபுரத்துப் பக்கம் அந்தக் காலத்து மேடை என்பது காலி தார் டிரம்களை நிறுத்தி அதன்மேல் பலகை பரப்பியது. பேஸ் கிதாரும் டிரம்ஸும் சேர்ந்து அடித்தால் பலகை அதிரும். பலகை அதிர்ந்தால் ஆளுயரப் பாக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மேடை விளிம்புக்கு நடக்கும். கயிறு கட்டினால் கயிறு தளரும். செங்கல் முட்டுக் கொடுத்தால் செங்கலும் கூடவே நடக்கும். ஆகவே பின்னால் ஒருத்தன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாக்ஸைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்தன் நான்தான். பகலில் துறைமுகக் குடோனில் மூட்டை, கச்சேரி நாளில் பாக்ஸ்.

கல்யாணத்தில் தாலி கட்டும்போது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர்களும், திருவிழாவில் சாமி வரும்போது ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவர்களும் இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

முதல் பிடி

அப்போது எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் ரயில்வே லைன் பக்கத்துப் பையன்கள் ஒரு ராக் பேண்டு போட்டிருந்தார்கள். பெயர் ஆங்கர் பாய்ஸ். கிதார் வாசித்துப் பாடுகிறவர் வின்ஸ்டன் அண்ணன். சட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை, அதாவது ஆங்கிலோ இந்தியர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், தோள்வரை முடி. கடைசிப் பாட்டில் அவர் கிதாரோடு ஆகாயத்தில் எகிறிக் குதிப்பார் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் நான் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். குதித்த இடம் மேடைக்குப் பின்னால். அந்த நேரம் பார்த்து பாக்ஸ் நடக்க ஆரம்பித்தது. வின்ஸ்டன் அண்ணன் பாடிக்கொண்டே திரும்பி, பாட்டுக்கு நடுவில், "டேய், அத்த புடிடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பிடித்தேன். பாட்டு காது வழியாக வரவில்லை. பிளைவுட்டில் கன்னத்தை வைத்திருந்ததால் பல் வழியாக உள்ளே வந்து வயிற்றில் இறங்கியது. அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. ஆனால் கடைசிப் பாட்டில் கூட்டம் "ஓ" என்று அலறியபோது என் கண் முன்னால் இருந்தது கறுப்புப் பெயின்ட் மட்டும்தான். எல்லாம் முடிந்ததும் அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் என் தலையைக் கலைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா மேன், இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? அடுத்த ப்ரோக்ராம்ல உனுக்கு ஃப்ரண்ட்லதான் எடம்."

அதை நம்பித்தான் அடுத்ததற்கும் போனேன். அதற்கு அடுத்ததற்கும்.

சந்தனப் பொட்டு

திருவொற்றியூரில் ஒரு ஃபேக்டரி ஆயுத பூஜைக்கு ஆங்கர் பாய்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். பூஜை முடிந்த கையோடு கச்சேரி. கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஷிப்டு முடித்த தொழிலாளிகள், குடும்பத்தோடு. இங்கிலீஷ் ராக் எழுந்ததும் கூட்டம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. அது ரசனையா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேஸ் அதிர்ந்ததில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வயதான ஃபோர்மேன் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். ஜெனரேட்டருக்கு ஒரு பொட்டு. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பொட்டு. பாக்ஸ் முதுகில் ஒரு பொட்டு. அடுத்து என் நெற்றியில் ஒன்று வைத்து, மிச்சமிருந்த பூச்சரத்தை என் கழுத்தில் போட்டார். கையை எடுக்க முடியாத நிலையில், "இன்னா நைனா, நான் மன்ஷன்" என்றேன். அவர் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்டியா? ஆடாம அசையாம ஒட்டிகினு இருந்தியா, பாக்ஸோட பார்ட்டுன்னு நெனச்சிட்டேன்பா."

கான்ஸ்டபிள் சொன்ன நியாயம்

ஒரே ஒரு தடவை துணிந்து எழுந்தேன். தண்டையார்பேட்டையில் தெருவை மறித்துப் போட்ட மேடை. கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் தோஸ்து கஜாவிடம், "மாமு, ஒரு பாட்டுக்குப் புடி, அந்தக் குதிய மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்" என்று பாக்ஸை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். சந்து சுற்றி, சவுக்குக் கட்டையில் கட்டிய தடுப்பில் நுழைந்து, முன்வரிசைக்கு வந்து சேர்ந்தால் ஒரு கான்ஸ்டபிள் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"நான் பேண்டு ஆளு சார்" என்றேன்.

"இன்னா வாசிக்கிற?"

"வாசிக்கல சார். பாக்ஸ் புடிக்கிறேன்."

அவர் மேடையைப் பார்த்தார். கஜா இரண்டு கையையும் விட்டுவிட்டு, பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பாக்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. கான்ஸ்டபிள் என்னைத் திருப்பி முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

"அப்ப இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? போய்ப் புடி!"

பெண் பார்த்த இடத்தில்

எண்ணூர்க் குப்பத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் மல்லிகா. அப்பாவுக்குச் சொந்தப் படகு. காப்பி டம்ளரை என்னிடம் நீட்டியவள் என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகு அவள் அம்மா காதில் ஏதோ சொல்ல, அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பு அவர்கள் ஊரில் ஆங்கர் பாய்ஸ் வாசித்த கிறிஸ்துமஸ் கச்சேரியில் மல்லிகா முன்வரிசை. என் இடது கை மணிக்கட்டில் குடோன் கொக்கி கிழித்த ஒரு தழும்பு உண்டு. அதை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள். சரி, நம்மையும் ஒருத்தி கவனித்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். "குதிச்சாரா? எவ்ளோ உசரம் குதிச்சாரு?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று, துடைப்பத்தைக் கிதார் மாதிரிப் பிடித்துக் காட்டினாள்.

"தோ, இவ்ளோ உசரம்! கால ரெண்டும் மடிச்சிகினு அப்டியே பறந்தாரு. நீதான், பாக்ஸுக்குக் காது மொளச்சா மாதிரி ரெண்டு பக்கமும் கை மட்டும் தெரிஞ்ச."

கட்டின பெண்டாட்டி பார்த்துவிட்டாள், நான் பார்க்கவில்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளையும்தான்.

நன்றி சொன்ன நாள்

வின்ஸ்டன் அண்ணன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போவதென்று முடிவானது. கடைசிக் கச்சேரி பழைய மாதா கோயில் மைதானத்திலேயே. முன்னால் இடம் கிடைக்காது என்பது எனக்கு முன்பே தெரியும். அவ்வளவு சனம் வந்திருந்தது. தேசிங்கு என்று என் பேரையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மைக்கில் நன்றி சொன்னார். ஃபாதருக்கு நன்றி. பந்தல்காரருக்கு நன்றி. கரன்ட் கொடுத்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு நன்றி. டீ கொண்டுவந்த நாயருக்கு நன்றி. ஒத்திகை நடக்கும்போதெல்லாம் குரைக்காமல் இருந்த ஃபாதர் வீட்டு நாய்க்கும் நன்றி. கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நான் பாக்ஸுக்குப் பின்னால் என் பேருக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது.

அன்றோடு 'அண்ணன்' என்கிற பட்டத்தை நான் எடுத்துவிட்டேன். வெறும் வின்ஸ்டன். ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. கிறிஸ்துமஸ் கார்டு போட்டார், பிரிக்காமல் பீரோ மேலே எறிந்தேன். நாய்க்குச் சொன்ன நன்றி எனக்கு இல்லையா என்று டிரம்ஸ் வாசிக்கிற பாபுவிடம் புலம்பியபோது, அவன் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னான்:

"அத்த வுடு மாமு. நாயி எழுந்து போய்டும்னு பயம் இருந்துச்சி, அதான் தேங்க்ஸு. நீ போ மாட்டன்னு அவருக்குத் தெரியும்."

தொங்குகிற பாக்ஸ்

என் மகள் பவானி சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு பெரிய கச்சேரிக்கு என்னைக் கூட்டிப் போனாள். டிக்கெட் எல்லாம் போனுக்குள் இருந்தது. மேடை எங்கள் தெருவைவிடப் பெரிது. எனக்கு முன்னால் ஆயிரம் கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். பாடுகிறவன் ஒல்லியா குண்டா என்று முன்னால் நின்ற பெண்ணின் போனில்தான் பார்த்தேன். நான் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்ஸ்கள் சங்கிலியில், வாழைத்தார் மாதிரி, அந்தரத்தில் தொங்கின. ஒன்றாவது ஆட வேண்டுமே! மனது கேட்காமல், கண்ணாடி போட்ட ஒரு சவுண்டுக்காரத் தம்பியிடம் போய், "அத்த யாருப்பா புடிச்சிகினு கீறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் புடிக்க வேணாம் அங்கிள். நீங்க ஃப்ரீயா எஞ்சாய் பண்ணுங்க."

இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கச்சேரி முடியும்வரை தவித்தேன்.

முன்வரிசை

போன திருவிழாவுக்கு வின்ஸ்டன் வந்தார். முடி முழுக்க வெள்ளை, ஆனால் அதே தோள்வரை. பாபு ஓடி வந்து சொன்னான்: பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கச்சேரி, சாயங்காலம், அதே மைதானம். பழைய சத்தம் வேண்டும் என்று வின்ஸ்டன் பிடிவாதமாக அதே பாக்ஸ், அதே மாதிரிப் பலகை மேடை கேட்கிறாராம். "உன்ன கேட்டாரு மாமு" என்றான். நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு மல்லிகா திட்டியதால் போனேன். ஆனால் பாக்ஸ் பிடிக்க அல்ல, பார்க்க. வெயில் இறங்குவதற்கு முன்பே போய் முன்வரிசையில், மேடைக்கு நேர் கீழே நாற்காலி பிடித்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். கைதட்டுவதில்லை என்று முடிவு. அந்தக் குதியைப் பார்ப்பேன், எழுந்து வீட்டுக்குப் போவேன்.

வின்ஸ்டன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் பந்தல் துணியைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பித்தது. முன்னாலிருந்து பார்த்தால் ராக் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாபு நாக்கைக் கடித்துக்கொண்டு அடிக்கிறான்! வின்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு, கிதாரைப் பிள்ளைபோல வைத்துக்கொண்டு வாசிக்கிறார்! இதையெல்லாம் மல்லிகா கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்கிறாள்.

கடைசிப் பாட்டு எழுந்தபோது பார்த்தேன். வலது பக்கத்துப் பாக்ஸை இரும்புத் தூணோடு கட்டியிருந்தார்கள். இடது பக்கத்தில் தூண் இல்லை, ஆளும் இல்லை. பாக்ஸ் நடந்துகொண்டிருந்தது. அதன் நடை எனக்குத் தெரியும்: முதலில் இடது மூலை, பிறகு வலது மூலை. "நமக்கென்ன" என்று உட்கார்ந்திருந்தேன். மல்லிகா என் தொடையைக் கிள்ளினாள். "யோவ், அது உன்ன பாத்துதான் வந்துகினு கீது." உண்மைதான். நேராக எங்கள் தலைக்கு மேலே. எங்கள் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்தார்கள். வின்ஸ்டன் குதிப்பதற்காகப் பின்னால் இரண்டு எட்டு வைத்தார். பாக்ஸின் இடது மூலை விளிம்பைத் தாண்டிவிட்டது.

எழுந்து பாய்ந்து இரண்டு கையாலும் பாக்ஸைத் தாங்கினேன். இந்தத் தடவை முன்பக்கமாக. வலைத் துணியில் என் மூக்கு அழுந்தியது. முழுச் சத்தமும் முகத்திலேயே. பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ் பெருசு, மறைக்காத, குந்துய்யா!" அதற்குப் பதில் சொல்வதற்குள் பலகையில் 'தொம்' என்று இரண்டு கால் இறங்கின. கூட்டம் அலறியது. பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது வின்ஸ்டன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பாக்ஸைப் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"என் தோஸ்து, தேசிங்கு! இவன் இல்லாட்டி ஆங்கர் பாய்ஸ் எப்பவோ கீழ வுழுந்திருக்கும். இன்னா மேன், அன்னிக்கே சொன்னேன்ல, உனுக்கு ஃப்ரண்ட்லதான் எடம்னு?"

மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. என் இரண்டு கையும் பாக்ஸில் இருந்ததால் நான் மட்டும் தட்டவில்லை, அது பழைய கோபம்தான் என்று வின்ஸ்டன் அண்ணன் நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும்.