டேபிளில் ஒரு பாட்டில் நிற்க வேண்டும்

எனக்குத் தொழில் எடை மேடை. லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற அந்த இரும்புத் தளத்தைச் சோதித்துப் பழுது பார்க்க, கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி என்னை ஊர் ஊராக அனுப்பும். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கக் கற்றதும் சரி, நாலு வார்த்தை எழுதக் கற்றதும் சரி, அடுத்தவர்களைப் பார்த்தும் கேட்டும்தான். போகிற ஊரில் எல்லாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடுவேன், அந்த ஊர்க் கடையில் கிடைக்கிற பீரில் ஒன்று குடிப்பேன். ஒன்றுதான். இரண்டாவது பாட்டிலில் நாக்கு தூங்கிவிடும், பிறகு ருசி எங்கே தெரியப்போகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை இருக்கிற கன்டெய்னர் யார்டுகளில் வேலை வந்தது. ஒன்றரை மாதத்துக்கு மேல் அங்கேயே லாட்ஜில் தங்க வேண்டியிருந்தது. முதல் வாரம் வாய்க்குக் கொண்டாட்டம். ராயபுரம் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டிக்காரர், “இன்னா பாத்துகினே கீற, துன்னு. ஆறிப்போச்சுன்னா அது வேற ஊரு சாப்பாடு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுநாளும் போனேன். காசிமேட்டில் சுறாப்புட்டு. எண்ணூரில் கழிமுக நண்டு, ஓடு உடைக்கும்போதே கடல் வாசம் கையில் ஏறும். திருவொற்றியூரில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மெஸ்ஸில் சாளை மீன் குழம்பு, அதற்கு அவர் வீட்டம்மா, “இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க, கொழம்ப மிச்சம் வச்சா எனக்குத் தூக்கம் வராது” என்பார்.

பீர் விஷயத்தில் அந்தப் பகுதி அவ்வளவு தாராளமில்லை. ஒயின்ஷாப் கம்பிக்கு வெளியே நின்று, என்னென்ன பீர் இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். உள்ளே இருந்தவர், “ரெண்டு கீது. கூலிங் கீறது ஒண்ணு, கூலிங் இல்லாதது ஒண்ணு” என்றார்.

கிரேன்காரரைப் பார்த்தது இரண்டாவது வாரம், ஒரு யார்டில். ராயபுரத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கன்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டுகிறவர். மேடையைச் சோதிக்க எடை தெரிந்த பாரம் ஒன்றை ஏற்றி வைக்க வேண்டும், அவர்தான் வைத்தார். அத்தனை பெரிய இரும்புப் பெட்டி இறங்கி மேடையில் உட்கார்ந்தபோது, பூனை திண்டில் குதித்த அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. நான் அண்ணாந்தபடி நின்றதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

“இன்னா கோயமுத்தூரு, சாய்ங்காலம் எங்க குந்துற?”

நல்ல இடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“கடம்பா துன்னுகீறியா?”

கணவாய் மீனுக்கு அங்கே கடம்பா என்று பெயர். இல்லை என்றதும், “அப்ப நீ ஊருக்கே வரல” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒயின்ஷாப்பை ஒட்டிய பார் அது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வாசலைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற மெயின் ரோடு. மூலை டேபிளில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கொருக்குப்பேட்டைக்காரர், ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இன்னொருவர் ஆட்டோ ஓட்டுபவர். டேபிளில் கடம்பா வறுவல் மிளகோடு ஆவி பறந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்கு முன்னாலும் கண்ணாடி டம்ளர். டம்ளரில் பன்னீர் சோடா.

நான் பீர் வாங்கட்டுமா என்று தயங்கினேன். ரயில்வேக்காரர், “நீ மொதல்ல போய் ஒண்ணு வாங்கினு வா நைனா. டேபிள்ல ஒரு பாட்டிலாச்சும் நிக்கணும். இல்லாங்காட்டி பார்காரன் எயுப்பி வுட்டுருவான்” என்றார். “ஒரு வாரமா காலி பாட்டில் ஒண்ண வச்சி ஓட்டிகினு கீறோம். அவனும் எத்தினி நாளிக்குப் பாக்காத மாரி இருப்பான்.”

வாங்கி வந்தேன். திறந்து ஊற்றப் போனவன் கையிலிருந்து கிரேன்காரர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். டம்ளரைச் சாய்த்தார், பாட்டிலைச் சாய்த்தார், பொன்னிறமாக விளிம்பு வரை ஏறி நின்றது. என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் சோடாவை எடுத்துக்கொண்டார். கடம்பா வெண்ணெய் மாதிரி இருந்தது. பீர் பரவாயில்லை, ஸ்ட்ராங் என்று லேபிள் போட்டிருந்தது, இனிப்பும் கசப்பும் சண்டை போட்டன. ஆனால் என் கவனம் பீரில் இல்லை.

அவர் இன்னொரு தட்டு வாங்க எழுந்து போன நேரத்தில் ரயில்வேக்காரர் சொன்னார். தவக்காலம் நடக்கிறது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் பக்கத்தில் பலர் கறியை விடுவார்கள், சிலர் குடியை விடுவார்கள். கிரேன்காரர் எந்த வருடமும் முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. இந்த வருடம் தாண்டியே ஆக வேண்டும். அவருடைய ஒரே மகள் எம்.கே.பி. நகரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன வருடம் அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று இவர் காலையிலேயே குடித்துவிட்டுக் கோயில் படியில் தடுமாறி நின்றார். குழந்தையை அவர் கையில் அவள் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பிறந்த வீட்டுக்கு வரவும் இல்லை. சாம்பல் புதன் அன்று அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா இந்தத் தவக்காலம் முழுக்கத் தொடாமல் இருந்தால் ஈஸ்டருக்குக் குழந்தையோடு வருகிறேன், ஒரு நாள் தவறினாலும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

“நாப்பது டன்னு தூக்கறவன் கைல நாலு கிலோவ குடுக்க மாட்டேன்னுட்டா” என்று முடித்தார் ரயில்வேக்காரர்.

அவரும் தவக்காலக்காரர்தான். ஆட்டோக்காரர் அப்படி இல்லையே, நெற்றியில் குங்குமம் இருக்கிறதே என்று கேட்டேன்.

“கார்த்திகைல நான் மலைக்கு மாலை போடுவேன்” என்றார் ஆட்டோக்காரர். “சாமி பாருக்குள்ள வரக் கூடாது. இவுனுங்க ரெண்டு பேரும் அந்த ஒரு மண்டலமும் என்னோட டீக்கடைல குந்திகினு கெடப்பானுங்க. ஒரு சொட்டு தொட மாட்டானுங்க. அத்த நான் மறந்துட்டா மனுசனா?”

நான் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ டேபிள்களில் உட்கார்ந்திருக்கிறேன். குடிக்காமல் இருப்பதற்குத் துணை சேர்ந்து உட்கார்ந்த டேபிளை அங்கேதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் சாயங்காலம் அந்த மூலையில்தான். அந்த டேபிளின் அதிகாரபூர்வக் குடிகாரன் நானே. கிடைக்கிற லேபிளில் ஒன்று வாங்கி வருவேன், கிரேன்காரர் ஊற்றுவார், நான் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், மூன்று பேரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். ஒரு நாள் கோதுமை பீர் ஒன்று கிடைத்தது. “மொதல்ல பன் வாசன வருதுங்க, அப்பறம் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல்” என்றேன். ஆட்டோக்காரர், “இவன் பீர் குடிக்கறானா, பேக்கரி வச்சிகீறானா?” என்றார்.

கிரேன்காரரிடம் ஒரு முறை கேட்டேன். எதற்கு இந்த வாசனைக்கு நடுவில் வந்து உட்கார வேண்டும், வீட்டில் இருந்துவிடலாமே.

“வூட்டாண்ட ஒளிஞ்சிகினா பாட்டில் என்னியத் தேடாது, நான்தான் அத்தத் தேடினு கெடப்பேன். இங்க அது என் எதுர்ல நிக்குது. நானும் அது எதுர்ல குந்திகினு கீறேன்.”

ரயில்வேக்காரருக்கு ஒரு வாதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் நாள், அது தவக்காலத்து நாற்பது நாளில் சேராது, நாள்காட்டியை எண்ணிப் பார்த்தாலே தெரியும், அன்றைக்கு ஒரு சின்ன டம்ளர் குடித்தால் விரதம் கெடாது. ஞாயிறுதோறும் இந்தப் பேச்சை எடுப்பார். தனக்காக எடுத்தாரா, கூட்டாளியைச் சோதிக்க எடுத்தாரா, தெரியவில்லை.

“ஃபாதரே சொல்லிகீறாரு மாமு.”

“ஃபாதர் காலண்டர்ல இல்லாம இருக்கலாம்” என்பார் கிரேன்காரர். “என் பொண்ணு காலண்டர்ல ஞாயித்துக்கெயம கீது.”

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு கழிந்த மறுநாள் அவர் டேபிளுக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மருமகனின் அண்ணன் அந்த வழியாகப் போயிருக்கிறார். பார் வாசலிலிருந்து போனில் ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டார். படத்தில் கிரேன்காரர், கையில் சாய்ந்த பாட்டில், கீழே நுரை கட்டுகிற டம்ளர். அது என் டம்ளர். ஆனால் நான் படத்தில் இல்லை. மகள் அம்மாவுக்குப் போன் செய்து, சமைத்து வைக்க வேண்டாம், நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

“நாங்க போய் சத்தியம் பண்றோம்” என்றார் ஆட்டோக்காரர்.

“நீங்க ரெண்டு பேரு சத்தியம் பண்ணா இருக்கற சந்தேகமும் போயி முடிவே கட்டிருவா.”

நான் போனில் பேசுகிறேன் என்றேன், என் பீர்தானே அது. அவர் தலையை ஆட்டினார். “உன் கொரல அவ கேட்டதில்ல கோயமுத்தூரு. குடிகாரன் கூட்டுக்கு ஆளு புடிச்சிகீறான்னுதான் நெனைப்பா. வுடு.”

இனி எதற்கு இந்தச் சோடா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ரயில்வேக்காரர் கேட்கவில்லை. ஒரு பாட்டில் பன்னீர் சோடாவைத் திறந்து அவர் பக்கம் வைத்தார், அவ்வளவுதான். கிரேன்காரர் அதைக் குடித்தார். பிறகு என் பாட்டிலை எடுத்து, எப்போதும் போல எனக்கு ஊற்றினார்.

அந்த வாரமே, பெரிய வியாழனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருக்கும்போது, பாரின் சத்தம் வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு டேபிளாக அணைந்துகொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே சிகரெட்டுகள் அணைந்தன. அவள் கடந்து போன டேபிள்களில் பாட்டில்கள் கீழே இறங்கின. பார்காரர் டி.வி.யை நிறுத்தினார்.

படத்தில் பார்த்த மூலை டேபிளுக்கு நேராக வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள், மோந்து பார்த்தாள், அதிலும் நம்பிக்கை வராமல் ஒரு வாய் குடித்தாள். பிறகு என் டம்ளரைக் காட்டினாள்.

“இது யாருது?”

“என்னுதுங்க” என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். “கோயமுத்தூருங்க. எடை மேடை வேலைக்கு வந்தனுங்க. அவுரு ஊத்தி மட்டுந்தான் குடுப்பாருங்க.”

“உங்களுக்குக் கையி இல்லியா?”

ஆட்டோக்காரர் மேஜையைப் பார்த்தபடி, “ஊத்தறது உங்க நைனா ஆசைம்மா” என்றார்.

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். “நைனா, ஊது.”

அவர் எழுந்து நின்று, ரோட்டில் போலீஸுக்கு ஊதுவது போல, அவள் முகத்தருகே ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏலக்காயும் பன்னீரும் தவிர வேறென்ன வந்திருக்கும். பிறகு, “நீ ஊதாமயே சொல்லியிருக்கலாம்ல, போன் பண்ணி” என்றாள்.

“சொன்னா நம்பியிருப்பியா?”

அவள் இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து நீட்டினாள். “இந்தா, புடி.”

கிரேன்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை அவருடைய சட்டைப் பொத்தானை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

“இன்னும் ஈஸ்டர் வர்லம்மா” என்றார். “நீ முழுசுன்னு சொன்ன. முழுசா முடிச்சிட்டு வாங்கிக்கறேன்.”

ஒரு வருடமாக ஏங்கியது கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது, கொடுக்கிறவளே கொடுக்கிறாள், அந்த மனிதர் நாள் முடியவில்லை என்கிறார்.

மகள் குழந்தையைத் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். “ஞாயித்துக்கெயம பூசை முடிஞ்சி நேரா வர்றோம். அம்மாகிட்ட மாட்டுக்கறி வெக்கச் சொல்லு. காரம் கம்மியா, இவன் துன்னணும்.” ரயில்வேக்காரரைப் பார்த்து, “சித்தப்பா, நீயும் வா” என்றாள். “சோடா நீயே வாங்கினு வா.”

ஆட்டோக்காரர் அதற்குள் வண்டியை எடுக்க ஓடியிருந்தார். எதிர்ப் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார். நடுவில் லாரி வரிசை, நகர்ந்துகொண்டே இருந்தது. கிரேன்காரர் ரோட்டுக்குள் இறங்கி ஒரு கையைத் தூக்கினார். டிரைவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள்; ஒருவர் பின் ஒருவராக பிரேக் அடித்து நின்றார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்த ஒருவனை முன் வண்டிக்காரன் எட்டிப் பார்த்துத் திட்டினான். அவள் குழந்தையோடு கடந்து போய் ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. லாரிகளும் நகரவில்லை.