முந்தின வரியின் மிச்சம்

எங்கள் ஊர் ஊருணித் தண்ணீர் உப்பு என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அந்தக் கம்ப்யூட்டரைத் திருத்தியவள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. குன்றக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வட்டாரத்து ஊருணிகளின் தண்ணீரைச் சோதித்துத் தாளில் எழுதித் தருவார்கள். ஓர் ஊருணிக்கு ஒரு வரி என்று அதைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்துவது என் வேலை. கம்ப்யூட்டர் நாடாவை வரிவரியாகப் படித்து, குடிக்க ஆகாதவற்றைப் பட்டியல் போடும். பட்டியலில் வந்த ஊருணியின் துறையை அடைத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

பட்டியலில் எங்கள் ஊர் இருந்தது. உப்பு 2400.

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

“உப்புத் தண்ணியிலயா நம்ம வீட்டுப் பருப்பு இப்புடி மலந்து வேகுது? உங்க மிசினுக்கு நாக்கு இருக்கா ஆத்தா?”

மறுநாள் சோதனைத் தாளைத் தேடி எடுத்தேன். 240 என்றுதான் இருந்தது. எங்கள் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சென்னைக்காரர், கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதியவரும் அவரே.

“அப்போ நீங்கதான் ஒரு பூஜ்யம் கூடக் குத்தியிருக்கணும்” என்றார். “சாயங்காலம் பட்டியல் போயாகணும். கையால திருத்தி அனுப்ப மாட்டேன். தப்பு எங்கேன்னு காட்டுங்க.”

எனக்குச் சுரீரென்று ஏறியது. நாடாவை வெளிச்சத்தில் பிடித்துத் துளை துளையாகப் பார்த்தேன். என் கை தவறவில்லை. பிறகு அவர் எழுதிய புரோகிராமை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் இடம் கொஞ்சம்தான். அதனால் எல்லா வரிகளையும் நினைவகத்தில் ஒரே இடத்தில் வாங்கும்படி சிக்கனமாக எழுதியிருந்தார். அடுத்த வரி, முந்தின வரியின் மேலேயே வந்து விழும். நல்ல யோசனைதான். ஆனால் வருகிற வரி குட்டையாக இருந்தால்?

எங்கள் ஊருணிக் காவல்காரரின் குரல் என் மனதில் கேட்டது. “கொடத்த அலசாம எங்குட்டு எறங்குறீக?” பழைய தண்ணீரைக் கரைக்கு வெளியே கொட்டி, அலசிவிட்டுத்தான் எங்கள் துறையில் கால் வைக்கலாம். இங்கே குடத்தை யாரும் அலசவே இல்லை!

ஒவ்வொரு வரியிலும் கடைசியாக வருவது உப்பின் எண். எங்களுக்கு முந்தின ஊருக்கு அது 1860. அதன்மேல் எங்கள் 240 விழுந்தபோது, கடைசிப் பூஜ்யம் அழியாமல் அப்படியே கிடந்தது. நல்ல தண்ணீர் 2400 ஆகிவிட்டது.

வாயால் சொன்னால் ஏற்கமாட்டார் என்று, எங்கள் ஊர் வரியை முதல் வரியாக வைத்து வேறு நாடா குத்தினேன். அவர் முன்னாலேயே ஓட்டினேன். 240 வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு வரி வாங்குறதுக்கு முன்னாடியும் இடத்தைத் துடைக்கணும் சார். வாங்கின வரியைத் தனி இடத்துல நகல் எடுத்து வைக்கணும். அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது” என்றேன்.

“இடம் பத்தாதே.”

“குட்டை வரிக்குக் குட்டை இடம் போதும் சார்.”

சிரித்துவிட்டார். “எழுதுங்க” என்றார்.

எழுதினேன். கம்ப்யூட்டர் முன்னைவிட மெதுவாக ஓடியது, ஓடிவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரோடு இன்னும் சில ஊர்களும் பட்டியலிலிருந்து இறங்கின. சாயங்காலம் அவர் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அன்றைக்கு இருந்த பெருமை சம்பளம் வாங்கிய எந்த நாளிலும் எனக்கு இருந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மாவோடு நானும் ஊருணிக்குப் போனேன். துறை திறந்தே இருந்தது. குடத்தை அலசிக்கொண்டிருந்தவர்களிடம் அம்மா என்னைக் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“மிசினுக்கு நாக்கு வச்சது எம்மகதான்.”