நாய் எந்தப் பக்கம் பார்க்கிறது

எங்கள் அலுவலகம் திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு அருகே, ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கினால் மேலே வரைபலகைகள் அதிரும். அந்த நேரத்தில் யாரும் கோடு இழுக்க மாட்டோம். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். ஏழு பேர் இருந்தோம். தொழிற்சாலைகளுக்குக் கன்வேயர் வடிவமைத்துக் கொடுப்பது வேலை.

அதற்கு முன் மூன்று வருடம் சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். அங்கே செய்தி ஆசிரியர் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் ஒன்று கேட்பார்: யார் பார்த்தது? சொன்னவர் பார்த்தாரா, பார்த்தவர் சொல்லக் கேட்டாரா என்று பிரித்துச் சொல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாலை வகுப்பில் வரைவாளர் படிப்பை முடித்து இந்த வேலைக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் என்னோடு வந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் பாக்கி.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மண் வாரும் பெரிய யந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கன்வேயர் கேட்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்பு உத்தரம். அதில் சக்கரம் வைத்த கொக்கிகள் வரிசையாகத் தொங்கும். ஒரு சங்கிலி அவற்றை இழுத்துப் போகும். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கியர் பெட்டி, ஆறு ஆள் எடை இருக்கும். கடைசல் கூடத்தில் புறப்படும் வரிசை ஓரிடத்தில் சரிவாக ஏறி மேல் தளத்துப் பெயின்ட் கூடத்துக்குப் போக வேண்டும். அந்த ஏற்றத்துக்கு நேர் கீழே கழுவு குழி. மூன்று பேர் அதில் இறங்கி நின்று சலவைச் சோடா கரைத்த நீரில் உதிரிகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். குழியை அங்கே வைத்தவர்கள் நாங்கள் இல்லை. ஆனால் அது அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும்.

ஏற்றத்தில் இழுக்கும் விசை நின்றால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு வரும். அதைத் தடுக்க உத்தரத்தின் ஓரமாக இரும்புத் துண்டுகள் பொருத்துவோம். மேலே போகும் சக்கரம் துண்டைத் தள்ளிக்கொண்டு கடக்கும். கடந்ததும் துண்டு தன் எடையில் பழையபடி விழுந்து நிற்கும். சக்கரம் பின்னால் வந்தால் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அதற்கு டாக் என்று பெயர். எங்கள் பட்டறையில் அதை நாய் என்றே சொன்னார்கள். நாய் எத்தனை வெட்டியாச்சு, நாய்க்குத் துளை போட்டாச்சா என்று யாரும் சிரிக்காமல் பேசிக்கொள்வார்கள். நாயின் வாய் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

மோட்டாரோடு ஒரு பிரேக்கும் வரவேண்டியிருந்தது. அது வந்து சேரவில்லை. மின்வெட்டு அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம். கரண்ட் போனால் ஏற்றத்தில் இருக்கும் பெட்டிகளைப் பிடிக்க நாய்களை விட்டால் வேறு எதுவும் இல்லை.

நாய்களை வரைந்தவன் நான். தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் கொடுத்த அமெரிக்க நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து வரைந்தேன். ஒரு பொருளை இடது பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அதை நம் ஊர் முறையில் தாளின் வலது பக்கம் வரைவோம். அமெரிக்க முறையில் இடது பக்கமே வரைவார்கள். எந்த முறை என்பதைத் தாளின் மூலையில் நகத்தளவு ஒரு குறி சொல்லும். குறியைப் பார்க்காமல் வரைந்தால் பொருள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிவிடும். வலது கைச் செருப்பைத் தைப்பதுபோல என்று சொல்ல வந்தேன். கைக்குச் செருப்பு இல்லை. வலது கால் செருப்பை இடது காலுக்குத் தைப்பது போல.

ஒரு புதன்கிழமை பிற்பகல் அதே அமெரிக்க வரைபடக் கட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்தேன். மூலையில் அந்தக் குறி இருந்தது. அமெரிக்க முறைக் குறி. எழுந்துபோய் நாயின் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் மூலையே இல்லை. எங்கள் இழுப்பறைக்குத் தாள் பெரிதாக இருந்ததால், வந்த அன்றே இரண்டு விரல் அகலத்துக்கு ஓரத்தைக் கத்தரித்திருந்தோம். எல்லாப் பிரதிகளையும் அப்படித்தான் செய்வோம். கத்தரித்தவனும் நான்தான்.

தாளைச் சன்னல் கண்ணாடியில் வைத்து என் வரைபடத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தேன். என் நாய் மறுபக்கத்து நாய். உத்தரத்தில் துளைகள் ஒரு பக்கம்தான் இருந்தன. அந்தத் துளைகளில் இதைப் பொருத்தினால் வாய் பள்ளத்தைப் பார்க்கும். பன்னிரண்டு நாய்களும் செய்து, லாரியில் ஏற்றி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தலைமை வடிவமைப்பாளரிடம் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் நல்ல செய்தி சொன்னார். வெற்று ஓட்டம் முடிந்துவிட்டது, கன்வேயர் நன்றாக ஓடியது, நாளை காலை பாரத்தோடு ஓட்டப்போகிறார்கள் என்று மதியம் தொலைபேசியில் தகவல் வந்ததாம்.

நான் என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். நாய் பள்ளத்தைப் பார்த்திருந்தால் மேலே ஏறும் முதல் சக்கரமே அதில் முட்டி நின்றிருக்கும். வரிசை நகர்ந்திருக்காது. வரிசை ஓடியது. ஆகவே நாய் சரியாக இருக்கிறது.

"ஓடிச்சுன்னு சொல்றான். அப்புறம் இன்னாய்யா ஒனக்கு?" என்றார்.

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து மறுபடி இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். அதிலும் ஓட்டை இல்லை. வரைபடத்தின்படி ஓட முடியாது. தொலைபேசியின்படி ஓடியது. இரண்டும் உண்மையாக இருக்க ஒரே வழிதான் உண்டு.  தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். திரும்பவும் அவரிடம் போய், அது ஓடியதை யார் பார்த்தது என்று கேட்டேன். அங்கிருந்து பேசியது தொழிற்சாலையின் அலுவலக எழுத்தர் என்று தெரிந்தது. அவருக்கு வேறு யாரோ சொல்லியிருந்தார்கள்.

தொழிற்சாலையோடு பேச டிரங்க் கால் பதிவு செய்தோம். அலுவலகம் மூடும்வரை இணைப்புக் கிடைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். விடுப்பு எழுதிக் கொடுக்கவில்லை. பெரியபாளையத்தில் கோயிலுக்கு வந்த கூட்டம் ஏறி இறங்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவர் ஆட்டைக் கூரைமேல் ஏற்றலாமா, உள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று நடத்துநரோடு வாதாடினார். புதுவாயலில் இறங்கியபோது எட்டரை. எட்டு மணிக்கே வேலை தொடங்கியிருக்கும். டீக்கடையில் தொழிலாளிகள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிற்சாலை ஆட்கள் யாராவது இருக்கிறார்களா, ஏதாவது நடந்ததாகப் பேச்சு இருக்கிறதா என்று முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் இட்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பஸ் வரவில்லை. செங்கல் லாரி ஒன்றில் கெஞ்சி ஏறிக்கொண்டேன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் சங்கிலிச் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் எட்டுப் பெட்டிகள் தொங்கியபடி ஏறிக்கொண்டிருந்தன. எண்ணினேன். கீழே குழியில் மூன்று தலைகள்.

கலாசி மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பாரம் தூக்கி நிறுத்தும் ஆட்களுக்கு அவர் தலைவர். பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் குடும்பம். ஏரியில் மீன் குறைந்த வருடத்தில் கயிறும் கப்பியும் தெரிந்த பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார்.

நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கற சார். வுட்டா ஒரு சக்கரம் தாண்ட மாட்டேன்னுது. ஒரே பேஜாரு. நேத்து காலீல பூரா கொலச்சிக்கினே இருந்துது. வாயக் கட்டிட்டோம்."

அண்ணாந்து பார்த்தேன். பன்னிரண்டு நாய்களும் பின்னுக்கு இழுக்கப்பட்டு, கட்டுக்கம்பியால் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வலை முடியும் கை போட்ட கட்டு. ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே முறுக்கு. ஓட்ட வேண்டும் என்று சொன்னார்கள், அவர் ஓட வைத்தார். அந்த இரும்புத் துண்டு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வரைபடத்திலும் நான் எழுதவில்லை.

கூடத்தின் மேற்பார்வையாளர் வடக்குக் கோடியில், சுவிட்சுப் பலகைக்கு அருகே நின்றிருந்தார். அவரிடம் சொன்னேன். வரைபடத்தில் தவறு, தவறு என்னுடையது, இப்போது கரண்ட் போனால் எட்டுப் பெட்டிகளும் பின்னால் உருண்டு, ஒன்றோடொன்று மோதிக் குழியில் விழும் என்றேன். இவ்வளவையும் எந்த வரிசையில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் முகம் மாறியது நினைவிருக்கிறது. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"அணைக்காதீங்க" என்றேன். "அணைச்சாலும் அதேதான். சும்மா நின்னாலே உருண்டு வந்துரும்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. "அப்ப இன்னாய்யா செய்யச் சொல்ற?"

கீழே புதிதாகப் பெட்டி மாட்டக் கூடாது. ஏற்றத்தில் இருப்பவை மேலே போய்ச் சேரும்வரை ஓடவிட வேண்டும். குழியிலிருந்து ஆட்கள் வெளியே வர வேண்டும். மேஸ்திரி நான் முடிக்கும் முன்பே குழியை நோக்கி நடந்தார். ஓடவில்லை, ஓடினால் கூடம் முழுக்க ஓடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். குழி ஓரம் குனிந்து ஏதோ சொன்னார். முதல் இருவர் ஏறி வந்தார்கள். மூன்றாமவர் தேய்த்துக்கொண்டிருந்த உதிரியை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். மேஸ்திரி அவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

அந்தச் சங்கிலியின் வேகத்தைக் கணக்கிட்டவனும் நான்தான். கடைசிப் பெட்டி உச்சிக்குப் போக ஒன்பது நிமிடம் ஆகும். நடந்து போகிற ஆளைவிட மெதுவாகப் போக வேண்டும், பெயின்ட் கூடத்தில் பெட்டிகள் ஆடக் கூடாது என்று யோசித்து வைத்த வேகம். அதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று அந்த ஒன்பது நிமிடமும் எல்லோரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டிகளை யாரும் பார்க்கவில்லை. விளக்கு ஒருமுறை மங்கி மீண்டபோது என் பக்கத்தில் யாரோ பல்லிடுக்கில் மூச்சிழுத்தார்.

எட்டும் ஏறின. மேற்பார்வையாளர் சுவிட்சை அணைத்தார். கரண்ட் போகவில்லை. அன்று முழுவதும் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததை எழுதிக் கொடுத்தேன். தலைமை வடிவமைப்பாளர் படித்துவிட்டு, ஓரத்தைக் கத்தரித்தது பற்றிய வரியை மட்டும் நீக்கச் சொன்னார். அது அலுவலக வழக்கம், எல்லோர் மேலும் வரும் என்றார். நான் அதை அடிக்கவில்லை. என் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. காரணம் எழுதப்படவில்லை.

புதிய நாய்களோடு பத்து நாள் கழித்துப் போனேன். மேஸ்திரி ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, மேடு எது, பள்ளம் எது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் மாட்டினார். ஏற்றத்தில் ஒரு பெட்டியை ஏற்றி, கீழே யாரும் இல்லாமல், சுவிட்சை அணைத்தோம். ஒரு சாண் பின்னால் வந்தது. டங்கென்று ஒரு சத்தம். நின்றது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் நின்றது.

குழியில் வேலை செய்யும் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இறங்கவில்லை. மேற்பார்வையாளர் கத்தினார். அவர்களில் ஒருவர், அன்று மேஸ்திரி சட்டையைப் பிடித்துத் தூக்கியவர், என்னிடம் வந்தார்.

"காலியா கீறச்சொல்லோ புடிக்குது சார். ஆளு கீறச்சொல்லோ புடிக்குமா? நீ எறங்கி நில்லு. நாங்க கரண்ட்ட புடுங்கறோம்."

மேற்பார்வையாளர் அவரை அடக்கப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குழியின் தரை வழுக்கியது. சோடா நீர் கணுக்காலில் எரிந்தது. அங்கிருந்து பார்த்தால் கூரை தெரியாது. பெட்டியின் அடிப்பாகமும் அதன் நான்கு துளைகளும்தான் தெரியும். வரைபடத்தில் நான் ஒருபோதும் போடாத தோற்றம் அது. கீழிருந்து பார்ப்பது. நம் ஊர் முறையிலும் அமெரிக்க முறையிலும் அதற்கு இடம் உண்டு. யாரும் கேட்கவில்லை, நானும் வரையவில்லை.

சங்கிலி நின்ற சத்தம் கேட்டது. பெட்டி என்னை நோக்கி நகர்ந்தது. ஒரு சாண் என்பது மேலே இருந்தபோது எனக்கு ஒரு சாணாகத்தான் இருந்தது.

டங்கென்றது. மேலிருந்து கொஞ்சம் துரு என் முகத்தில் விழுந்தது.

மூவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். என்னைத் தாண்டிப் போய் அவரவர் இடத்தில் நின்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்கள்.  கடைசியாக இறங்கியவர் மட்டும் என் தோளைத் தொட்டு, சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் அவருடைய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நகர முயன்றேன்.  அவர் என் கையைப் பிடித்து ஏணிவரை கொண்டுபோய் விட்டார்.