நவக்கிரகத்துக்குப் பத்தாவது சுற்று

மசால்வடை வாசம் என்றால் எனக்கு இன்றும் வானசாஸ்திரம்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஜொகூர் பாரு கோயிலில் அக்காவுக்குத் தாம்பூலம் மாற்ற வந்திருந்தோம். மாப்பிள்ளை பொந்தியானில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. இரு வீட்டாரும் சேர்ந்து நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

அதற்கு முன்னால் பசி. பாய் கடையிலிருந்து வடை வந்தது, சிங்கப்பூர்ப் பேப்பரில் சுற்றி.

மாப்பிள்ளையின் அப்பாவை, அதாவது பொந்தியான் மாமாவை, அந்தப் பேப்பர் பிடித்துக்கொண்டது. எண்ணெய் ஊறாத பாதியை உரக்கப் படித்தார். புதிதாக ஒரு குட்டிக் கிரகம் கண்டுபிடித்திருக்கிறார்களாம். வானத்தைப் படம் பிடித்தபோது நட்சத்திரமெல்லாம் புள்ளியாக நிற்க, இது மட்டும் நகர்ந்து சின்னக் கோடாக விழுந்திருக்கிறது. சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நாலு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். இருக்கும் இடம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்.

மாமாவின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது.

"அலமாக்! செவ்வாய் தோஷம் பாத்தோம், குரு பலம் பாத்தோம்... ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் குந்தியிருக்கானே, அவன யாரு பாத்தா?"

"அதுக்கு இப்ப என்னங்க செய்யறது?" என்றார் என் அப்பா, குரல் இறங்கி.

"ஒரு சுத்து முடிக்கட்டும்லா. அவன் நல்லவனா கெட்டவனான்னு தெரிஞ்சிரும்."

நாலு வருஷம்! அக்காவின் முகம் சுண்டிப்போனது. அத்தான் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தலை சுற்றியது. கிரகம் சுற்றுகிறது, அதை நாம் சுற்றுகிறோம், நம்மைச் சுமந்துகொண்டு பூமியும் சுற்றுகிறது... இதில் யார் யாருக்காகக் காத்திருப்பது?

"மாமா, ஆளு சின்னவருதானே... அரை டிக்கெட் போட்டு உள்ள விட்ரலாமா?" என்றேன். அப்பா என் காதைத் திருகினார்.

குருக்களைக் கேட்டார்கள். "எனக்குப் பழக்கமானவங்க ஒம்போது பேருதான்" என்று அவர் நழுவிவிட்டார்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "மாமா, அவரு இப்பதான் பொறந்தாரா, இப்பதான் கண்ணுல பட்டாரா?"

"கண்ணுல பட்டதுதாம்மா இப்ப."

"அப்ப உங்க கல்யாணத்தப்பவும் அங்கதானே சுத்திக்கிட்டு இருந்திருப்பாரு?"

மாமா திரும்பி மாமியைப் பார்த்தார். மாமி வெற்றிலையை மென்றபடி, "இருந்திருக்கான். எனக்கு இப்பதானே எல்லாம் வெளங்குது!" என்றார்.

குருக்களே சிரித்துவிட்டார். மாமாவுக்கும் வேறு வழியில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார், புது ஆளுக்காகப் பத்தாவது சுற்று. எல்லோரும் சுற்றினோம். பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டதாக என் சந்தேகம். ஆனால் தட்டு மாறிவிட்டது, பிறகு கல்யாணமும் நடந்தது.

நாலு வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கிரகத்தைக் காணவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். சில இரவுகள் பார்த்ததை வைத்துப் பாதையைக் கணக்குப் போட்டிருந்தார்களாம். கணக்குச் சொன்ன இடத்தில் ஆள் இல்லையாம். இத்தனை கிலேசம் கொடுத்துவிட்டு இப்படியா?

போன வாரம் அதே கோயிலில் மாமாவைப் பார்த்தேன். இன்னமும் பத்துச் சுற்று.

"மாமா, அவருதான் தொலைஞ்சு போயிட்டாரே?"

"தொலைஞ்சா என்னடா? திரும்பி வர்றப்ப, நம்மள மறந்துட்டானுங்கன்னு நெனக்கக் கூடாதுல்ல?"

மாமாவோடு வந்திருந்த அக்காவும் அத்தானும் பொந்தியான் பஸ்ஸில் ஏறிக் கையசைத்தார்கள். அன்று தட்டு மாறியதற்கு நானும்தான் குதித்தேன். இப்போது வீட்டில் என் காதைத் திருக அப்பா இருக்கிறார், எனக்காகப் பரிந்து பேசத்தான் ஆள் இல்லை. அக்கா இனி தீபாவளிக்குத்தான் வருவாள்.

பஸ் மறைந்ததும் உள்ளே போய் நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன்... பத்தாவது. யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கே குழப்பம்.